இன்டர்னல் தேர்வை உருப்படியாக நடத்துவது எப்படி: விடைக்குறிப்பில் தொடங்கி மறுதேர்வு வரை

"வெள்ளிக்கிழமைக்குள் வினாத்தாள் வேண்டும்" என்று துறைத் தலைவர் சொன்னதும், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் முதலில் தேடுவது பழைய பல்கலைக்கழக வினாத்தாள்களைத்தான். நானும் அப்படித்தான் தேடினேன். பிறகு எங்கள் வணிகவியல் துறையில் உள்தேர்வுப் பொறுப்பைப் பார்த்த ஆண்டுகளில், வந்த ஒவ்வொருவரும் அதே இடத்தில் தடுமாறுவதைக் கண்டேன். யாருக்கும் உழைப்பில் குறை இல்லை. வேலையின் வரிசைதான் தலைகீழாக இருந்தது. வினாத்தாள் முதலில் வரும். விடைக்குறிப்பு, திருத்த உட்காரும்போது பிறக்கும். எதைச் சோதித்தோம் என்ற கேள்வி, கல்லூரிகளை மதிப்பிட்டு அங்கீகாரம் தரும் நாக் குழு வரும் மாதத்தில்தான் எழும்.

பல கலை அறிவியல் கல்லூரிகளில் உள்மதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி கருத்தியல் பாடங்களுக்கு உள்மதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. அந்த 25-ஐயோ 40-ஐயோ போடுகிற பேனா நம் கையில் இருக்கிறது. அதனால் வேலையை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு தேர்வை எடுத்துக்கொள்வோம். பி.காம். முதல் செமஸ்டர், நிதிக் கணக்கியல், தேய்மானம் (பயன்பாட்டாலும் காலத்தாலும் சொத்தின் மதிப்பு குறைவது) யூனிட், வகுப்பில் 60 பேர், 50 மதிப்பெண், இரண்டு மணி நேரம். வேறு பாடம் நடத்துபவர்கள் தேய்மானத்தின் இடத்தில் தங்கள் யூனிட்டை வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சிலபஸ், அதிலுள்ள பாட விளைவுகள் (பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்னென்ன வர வேண்டும் என்ற வரிகள்), வகுப்பில் நடத்தியதைக் குறித்த பதிவேடு, மாணவர்கள் உண்மையில் வைத்துப் படிக்கும் புத்தகம், போன வருடத்து விடைத்தாள்கள் ஒரு பத்து. சிலபஸைவிடப் பதிவேடு முக்கியம். சிலபஸில் இருக்கும், ஆனால் உள்ளூர் விடுமுறையில் வகுப்பு போயிருக்கும்.

இன்னொன்றும் வேண்டும். தேர்வு முடிந்த வாரத்தில் திருத்துவதற்கென்று மூன்று நாள் நேரத்தை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்களின் விடைத்தாள்கள் அடுத்த இன்டர்னலுக்கு முந்தின நாள்தான் மாணவர் கைக்குப் போகின்றன.

1. மாணவர் என்ன செய்து காட்ட வேண்டும் என்று எழுதுங்கள்

"தேய்மானம் பற்றி அறிந்துகொள்வர்" என்ற வரியை வைத்து ஒரு கேள்வியும் எடுக்க முடியாது. அறிந்துகொண்டதை எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக மாற்றுங்கள்:

"வாங்கிய தேதி, நிறுவும் செலவு, ஸ்கிராப் மதிப்பு, ஆயுள் ஆகியவற்றைக் கொடுத்தால், மூன்று ஆண்டுக்கான இயந்திரக் கணக்கைத் தயாரிப்பர்."

"ஒரு சொத்துக்கு நேர்கோட்டு முறை பொருந்துமா, குறைந்து செல் மதிப்பு முறை பொருந்துமா என்று காரணத்தோடு சொல்வர்."

(நேர்கோட்டு முறையில் ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிப்போம், குறைந்து செல் மதிப்பு முறையில் மீதமிருக்கும் மதிப்பின்மேல் ஒரே விகிதத்தில் கழிப்போம். ஸ்கிராப் மதிப்பு என்பது ஆயுள் முடிந்தபின் சொத்தை விற்றால் கிடைக்கும் தொகை.) ஒரு தேர்வுக்கு இப்படி மூன்று அல்லது நான்கு வரி போதும். பத்து வரி எழுதினால் எதையும் போதிய அளவு சோதிக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு இரண்டு மார்க் கேள்விதான் மிஞ்சும்.

2. மதிப்பெண்ணைப் பங்கிடுங்கள்

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மேலே எழுதிய வரிகள், தலைப்பில் கே1 முதல் கே6 வரையான படிநிலைகள்: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல். வகுப்பில் எதற்கு எத்தனை மணி நேரம் போனதோ அந்த அளவில் மதிப்பெண்ணைப் பிரியுங்கள். முதல் செமஸ்டருக்கு நான் கே1-க்கு 10, கே2-க்கு 10, கே3-க்கு 20, கே4-க்கு 10 என்று வைப்பேன். மூன்று வாரம் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தேர்வில் பாதி மதிப்பெண்ணை வரையறைக்குக் கொடுத்தால் அடுத்த யூனிட்டில் யாரும் கணக்குப் போட மாட்டார்கள். தேர்வில் எது வருகிறதோ அதைத்தான் படிப்பார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

அதிகம் பேர் சறுக்குவது படிநிலை போடுவதில்தான். வினைச்சொல்லைப் பார்த்துப் போடுகிறார்கள். "ஆராய்க" என்றிருந்தால் கே4, "விளக்குக" என்றிருந்தால் கே2. இது பிழை. "இரு முறைகளின் வேறுபாடுகளை ஆராய்க" என்பதற்கான ஏழு வேறுபாடுகள் நோட்டில் எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தால், அது வெறும் மனப்பாடம், கே1. மாறாக, வருமான வரிக் கணக்கில் கணினிக்குத் தேய்மான விகிதம் 40%, மேசை நாற்காலிக்கு 10%, இதை வகுப்பில் பேசாமல் இருந்துவிட்டு "ஏன் இந்த வித்தியாசம்?" என்று கேட்டால், நான்கு வரி விடையானாலும் மாணவர் யோசித்தாக வேண்டும். மாணவருக்கு அந்தக் கேள்வி புதிதா பழையதா என்பதை வைத்தே படிநிலையை முடிவு செய்யுங்கள்.

"அல்லது" கொடுக்கும் கேள்விகளில் இரு பக்கமும் ஒரே விளைவை, ஒரே படிநிலையில் சோதிக்கட்டும். ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் கட்டுரை என்று வைத்தால், கணக்குக்குப் பயந்தவர் கடைசி வரை கணக்கையே தொடாமல் தேறிவிடுவார். அவருக்குக் கணக்கு வராது என்பது உங்களுக்கும் தெரியாமலே போகும்.

3. விடையை முதலில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் பின்பற்ற நேரமிருக்கிறது என்பவர்கள் இதைப் பின்பற்றுங்கள். வினாத்தாளைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் முன், ஒவ்வொரு கேள்விக்கும் முழு விடையையும் கையால் எழுதுங்கள், மதிப்பெண்ணைப் பக்கத்தில் பிரித்துப் போடுங்கள்.

பத்து மார்க் கணக்கு ஒன்று: 2022 அக்டோபர் 1 அன்று ரூ. 1,00,000-க்கு இயந்திரம் வாங்கப்பட்டது. நிறுவும் செலவு ரூ. 20,000. ஆயுள் 10 ஆண்டுகள், ஸ்கிராப் மதிப்பு ரூ. 20,000. கணக்கு முடிக்கும் நாள் மார்ச் 31. நேர்கோட்டு முறையில் 2025 மார்ச் 31 வரை இயந்திரக் கணக்கு தயாரிக்க.

சொத்தின் அடக்கம் ரூ. 1,20,000 என்று கண்டதற்கு 2. ஸ்கிராப் மதிப்பைக் கழித்து ஆண்டுத் தேய்மானம் ரூ. 10,000 என்றதற்கு 2. முதல் ஆண்டுக்கு ஆறு மாதம்தான், ஆகவே ரூ. 5,000 என்றதற்கு 2. பேரேட்டுப் படிவமும் பதிவுகளும் 3. இறுதி இருப்பு ரூ. 95,000-க்கு 1.

இப்படிப் பிரிக்கும்போதே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். ஒரு மாணவி நிறுவும் செலவை மறந்துவிட்டார் என்று வையுங்கள். ஆண்டுத் தேய்மானம் ரூ. 8,000 வரும், முதல் ஆண்டு 4,000, இறுதி இருப்பு 80,000. எண்கள் எல்லாமே விடைக்குறிப்புக்கு மாறாக இருக்கும். ஆனால் அவர் செய்த பிழை ஒன்றுதான். மீதி எல்லாம் அவர் எண்ணுக்குச் சரியாகவே வந்திருக்கிறது. அவருக்கு 8 தர வேண்டும். ஒரே பிழைக்கு நான்கு இடத்தில் மதிப்பெண் வெட்டுவது அநியாயம். இந்த முடிவை முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், பத்தாவது விடைத்தாளில் 8 போடுவீர்கள், நாற்பதாவதில் களைப்பில் 2 போடுவீர்கள்.

கையால் எழுதுவதில் இன்னொரு பலன், நேரம் தெரியும். உங்களுக்கு 40 நிமிடம் ஆனால் மாணவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். என் முதல் வினாத்தாளில் மூன்று பெரிய கணக்குகள் வைத்தேன், எழுதிப் பார்க்கவில்லை. மூன்றாவதை வகுப்பில் அநேகமாக யாரும் தொடவில்லை. அவர்களுக்கு அந்தப் பகுதி புரியவில்லை என்று முடிவுகட்டி ஒரு வாரம் திரும்ப நடத்தினேன். கடைசியில் ஒரு மாணவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அது தெரியும் சார். டைம் பத்தல." ஒரு வாரப் பாடம் வீணாயிற்று.

4. தமிழ்ப் பக்கத்தைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள்

நம் வகுப்புகளில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள் நிறைய. வினாத்தாளில் ஆங்கிலமும் தமிழும் அருகருகே இருக்கும். ஆங்கிலத்தைக் கவனமாக எழுதிவிட்டு, தமிழை அவசரமாக மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஒருமுறை எங்கள் வினாத்தாளின் ஆங்கிலப் பக்கத்தில், குறைந்து செல் மதிப்பில் 10% தேய்மானம் நீக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. தமிழில் "ஆண்டுக்கு 10% தேய்மானம் நீக்குக" என்று மட்டும் அச்சாகியிருந்தது. தமிழை மட்டும் படித்தவர்கள் நேர்கோட்டு முறையில் போட்டிருந்தார்கள். அவர்கள் படித்த கேள்விக்கு அது சரியான விடைதான். முறையின் பெயர் விட்டுப்போனது எங்கள் பிழை, மதிப்பெண் போனது அவர்களுக்கு. திருத்தும்போது கண்டுபிடித்துச் சரிசெய்தோம். கண்டுபிடிக்காமல் போன வருடங்கள் எத்தனை என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது.

இதற்கு வழி எளிது. ஆங்கிலப் பக்கத்தை மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, விடை போடச் சொல்லுங்கள். கலைச்சொற்கள் மாணவரின் புத்தகத்தில் இருக்கும்படியே இருக்கட்டும். நீங்கள் விரும்பும் நல்ல சொல்லை வகுப்பில் பழக்கிய பிறகு தேர்வில் வையுங்கள்.

5. மதிப்பெண் எப்படிப் பிரியும் என்பதை வகுப்பில் சொல்லுங்கள்

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, வேறு ஒரு கணக்கை எடுத்து அதன் மதிப்பெண் பிரிவைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். செய்முறைக்கு எவ்வளவு, விடைக்கு எவ்வளவு என்று தெரிந்தால், விடை வராது என்று நினைப்பவரும் தெரிந்தவரை எழுதுவார். அந்தப் பாதி விடைதான் நமக்கு வேண்டியது. வெற்றுத் தாளிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

6. கேள்வி வாரியாகத் திருத்துங்கள்

ஒரு விடைத்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை திருத்தி முடித்து அடுத்ததை எடுப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். முதலில் 60 பேரின் பதினோராம் கேள்வி, பிறகு 60 பேரின் பன்னிரண்டாம் கேள்வி. ஒரே விடைக்குறிப்பு மனதில் இருப்பதால் வேகமும் கூடும், அளவுகோலும் மாறாது. முதல் கேள்வியை அழகாக எழுதியவருக்கு அடுத்த கேள்வியில் கை தாராளமாகிவிடும் பழக்கமும் போகும்.

பெயர் இருக்கும் முதல் பக்கத்தை மடித்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கட்டைக் கலைத்து அடுக்குங்கள். இல்லையென்றால் கடைசி வரிசை எண்காரர்கள் எப்போதும் உங்கள் களைப்பில்தான் மாட்டுவார்கள்.

மார்க் போடும் முன் ஆறேழு விடைத்தாள்களை வெறுமனே படியுங்கள். நீங்கள் நினைக்காத சரியான வழி ஒன்றை யாராவது எழுதியிருப்பார்கள். விடைக்குறிப்பைத் திருத்த வேண்டிய நேரம் அது. ஐம்பது தாள் திருத்திய பின் கண்டால் மாற்ற மனம் வராது.

சிவப்புக் கோடு போட்டுவிட்டு நகராமல், பிழைக்கு ஒரு குறியீடு போடுங்கள். நான் பயன்படுத்துபவை: நிறுவும் செலவை விட்டால் "நி", ஆறு மாதத்தைக் கவனிக்காவிட்டால் "மா", ஸ்கிராப் மதிப்பைக் கழிக்காவிட்டால் "ஸ்", படிவம் பிழையானால் "ப", வெறும் கூட்டல் கழித்தல் பிழைக்கு "கூ". பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு குறிக்கும் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். திருத்தி முடிக்கும்போது வகுப்பு எங்கே நிற்கிறது என்பது அந்த ஒரு தாளில் இருக்கும். "மா" என்பதற்கு 31 கோடும் "நி" என்பதற்கு 6 கோடும் விழுந்திருந்தால், நாளைக் காலை எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டாம்.

7. கேள்விகளையும் திருத்துங்கள்

மாணவரைச் சோதித்தது போலக் கேள்வியையும் சோதிக்க வேண்டும். ஒரு மார்க் கேள்விகளுக்கு இது எளிது, எக்ஸெல்லில் அரை மணி நேர வேலை.

முதலில் எளிமை அளவு. 60 பேரில் 22 பேர் சரியாக எழுதினால் 22/60, அதாவது 0.37. கடினமான கேள்விதான், ஆனால் கடினமானது என்பதாலேயே மோசமான கேள்வி ஆகிவிடாது.

அடுத்தது பிரித்தறியும் அளவு. மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27% பேரையும் கீழே உள்ள 27% பேரையும் எடுங்கள். 60 பேருக்கு அது 16, 16. மேல் 16-ல் 13 பேரும் கீழ் 16-ல் 4 பேரும் சரி என்றால், (13 - 4) / 16 = 0.56. பாடம் தெரிந்தவரையும் தெரியாதவரையும் அந்தக் கேள்வி நன்றாகப் பிரிக்கிறது. 0.2-க்குக் கீழே போனால் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். சிறிய வகுப்பில் ஓரிருவர் மாறினாலே இந்த எண் ஆடும், அதனால் எண்ணை மட்டும் நம்பிக் கேள்வியைத் தூக்கிப் போடாதீர்கள்.

எண் எதிர்மறையாக வந்தால் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். "சொத்தின் மதிப்பு குறைவதே தேய்மானம்: சரியா, தவறா?" என்று ஒரு கேள்வி. விடைக்குறிப்பில் "சரி". மேல் 16-ல் 5 பேர்தான் "சரி" என்றார்கள், கீழ் 16-ல் 9 பேர். கணக்கிட்டால் -0.25. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சந்தையில விலை குறைஞ்சா அது தேய்மானம் இல்லைன்னு மேடம் சொன்னாங்க சார்" என்று, எனக்கு முன் அந்த யூனிட்டை நடத்திய ஆசிரியை சொன்னதை அப்படியே சொன்னார். அவர் சொன்னது சரி. பயன்பாட்டாலும் காலத்தாலும் நேரும் குறைவைத்தான் தேய்மானம் என்கிறோம், சந்தை விலை இறங்குவதை அல்ல. அரைகுறையாகப் படித்தவருக்கு மார்க் கொடுத்து, ஆழமாகப் படித்தவரைத் தண்டித்த கேள்வி அது. விடைக்குறிப்பை மாற்றி எல்லாருக்கும் மறுபடி மார்க் போட்டேன்.

8. மார்க்குக்கு முன்னால் விடைத்தாளைக் கொடுங்கள்

ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்தால் தேர்வில் என்ன நினைத்து எழுதினோம் என்பது அவர்களுக்கே மறந்திருக்கும்.

மொத்த மதிப்பெண் எழுதிய தாளைக் கொடுத்தால் முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள், பக்கத்திலிருப்பவர் மார்க்கைப் பார்ப்பார்கள், மடித்துப் பைக்குள் வைப்பார்கள். நீங்கள் எழுதிய குறிப்பை யாரும் படிப்பதில்லை. அதனால் குறியீடுகள் மட்டும் உள்ள தாளைக் கொடுத்து, கரும்பலகையில் குறியீட்டு விளக்கத்தை எழுதுங்கள். பதினைந்து நிமிடம், ஒவ்வொருவரும் தன் பிழையை வேறு நிற மையில் தானே திருத்தட்டும். அதன் பிறகு மார்க் பட்டியலைக் காட்டுங்கள்.

"நன்று", "இன்னும் முயற்சி தேவை" என்பவை மாணவருக்கு எதையும் சொல்வதில்லை. "வாங்கிய தேதியை அடிக்கோடிட்டுவிட்டு மாதத்தை எண்ணு" என்பது அடுத்த கணக்கில் கை கொடுக்கும். எல்லாத் தாளிலும் எழுத நேரமில்லை என்றால், குறைந்த மதிப்பெண் எடுத்த பதினைந்து பேருக்காவது இப்படி ஒரு வரி எழுதுங்கள். மார்க்கைக் குறைத்துப் போட்டதாக யாராவது வந்தால், விடைக்குறிப்பை எடுத்து மேசைமேல் வைத்து இருவரும் சேர்ந்து பாருங்கள். கூட்டல் பிழை உங்களுடையதாக இருந்தால் அப்போதே திருத்திக் கையெழுத்துப் போடுங்கள்.

9. அசைன்மென்ட், செமினார்

இவற்றுக்கும் மதிப்பெண் பிரிவைத் தலைப்போடு சேர்த்தே கொடுங்கள். தலைப்பை மட்டும் கொடுத்தால், சாட்ஜிபிடியிலிருந்தோ சீனியரின் நோட்டிலிருந்தோ வந்த பத்துப் பக்கத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருப்போம். வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு சொத்தை எடுக்கச் சொல்லுங்கள்: அப்பாவின் டிவிஎஸ் வண்டி, கடையின் கிரைண்டர், சித்தப்பாவின் லோடு ஆட்டோ. வாங்கிய விலையை விசாரித்து, இரு முறைகளிலும் கணக்குப் போட்டு, எது பொருந்தும் என்று இரண்டு பக்கத்தில் எழுதட்டும். அதன்பின் தலைக்கு மூன்று நிமிடம் நேரில் கேளுங்கள்: "ஆயுள் எட்டு வருடம் என்று எதை வைத்துப் போட்டாய்?" தானே செய்தவர் சரளமாகச் சொல்வார். 60 பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும், நான்கு வகுப்பாகப் பிரித்துக்கொள்ளலாம்.

வருகைப்பதிவுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்று விதி இருந்தால் கொடுங்கள். ஆனால் உங்கள் பதிவேட்டில் அதைத் தனிப் பத்தியில் வையுங்கள். வந்தார் என்பதும் கற்றார் என்பதும் வேறு வேறு செய்திகள்.

10. இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு கணக்கு

பிழைகளைத் திரும்ப நடத்தினீர்கள் சரி, பலித்ததா? பதினைந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு துண்டுத் தாளில் ஒரு கணக்கு கொடுங்கள். எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, பிழை நேர்ந்த இடத்தை மாற்றுங்கள். முன்பு அக்டோபர் 1, இப்போது ஜனவரி 1. போன முறை "பாதி" என்று மனப்பாடம் செய்தவர் இப்போதும் பாதியைப் போடுவார், மாதத்தை எண்ணக் கற்றவர் மூன்று மாதம் என்று போடுவார். "மா" குறி வாங்கிய 31 பேரின் தாளை மட்டும் முதலில் பாருங்கள். அதில் இன்னும் பன்னிரண்டு பேர் அங்கேயே நின்றால், அந்தப் பன்னிரண்டு பேரை மாலையில் உட்காரவைக்கலாம், முழு வகுப்பையும் மறுபடி பிடித்துவைக்க வேண்டாம். கல்லூரி விதி அனுமதித்தால் இந்த மதிப்பெண்ணைப் பழையதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

11. விளைவு எட்டிய அளவைக் கேள்வியிலிருந்து கணக்கிடுங்கள்

நாக் குழுவுக்கும், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்பிஏ குழுவுக்கும் வைக்கும் ஃபைலுக்கு வேண்டிய அட்டவணையைச் செமஸ்டர் முடிவில் மொத்த மதிப்பெண்ணை வைத்து நிரப்புவது எங்கும் நடக்கிறது. மொத்தம் 34 என்பதிலிருந்து, அவருக்குக் கணக்குத் தயாரிக்க வருமா, முறையைத் தேர்ந்தெடுக்க வருமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. திருத்தும்போதே கேள்வி வாரியாக எக்ஸெல்லில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு விளைவுக்குரிய கேள்விகளின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டி, அதில் 60% எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 60% என்பதும், எத்தனை சதவீதம் பேர் எட்டினால் நிலை 1, 2, 3 என்பதும் உங்கள் கல்லூரி முடிவு செய்துவைத்திருக்கும். முதல் விளைவை 45 பேர் எட்டி, இரண்டாவதை 19 பேரே எட்டியிருந்தால் 19 என்றே எழுதுங்கள். பக்கத்தில், 10-ஆம் படியில் என்ன செய்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். வரும் குழுவுக்குக் காட்ட அந்த வரி போதும்.

கடைசியாக ஒரே ஒரு தாள்: கேள்வி எண், எளிமை அளவு, பிரித்தறியும் அளவு, அதிகம் விழுந்த பிழைக் குறி, "வைத்துக்கொள் / மாற்று / நீக்கு". வினாத்தாளோடும் விடைக்குறிப்போடும் சேர்த்துப் பின் அடித்து, துறை அலமாரியில் வையுங்கள். அடுத்த வருடம் இந்த யூனிட் வேறு யார் கைக்குப் போனாலும், பழைய பல்கலைக்கழக வினாத்தாளைத் தேடும் முன் அவர் கையில் இந்தத் தாள் கிடைக்கட்டும்.